வேகக் காரும் பனிக்காலமும்: விண்டர் டயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பாதி தாண்டியதும் எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பித்துவிடும். கனடாவில் டொரண்டோவைச் சுற்றி மார்க்கம், பிராம்ப்டன், ஏஜாக்ஸ் என்று இருக்கும் நண்பர்களும் அவர்களின் தம்பிமார்களும்தான். ஆசைப்பட்டு ஒரு கோல்ஃப் ஜிடிஐயோ, மஸ்டாங்கோ, பிஎம்டபிள்யூவோ வாங்கியிருப்பார்கள். முதல் பனிக்காலம் வரும்போது கையைப் பிசைவார்கள். நான் மெக்கானிக் இல்லை. பின்சக்கரத்தில் ஓடும் காரைப் பல குளிர்காலம் தினமும் ஓட்டியவன், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

விண்டர் டயர் உண்மையிலேயே தேவையா? இல்ல, டயர் கடைக்காரங்க பணம் பிடுங்குற வேலையா?

தேவை. காரணம் ரப்பரில் இருக்கிறது. குளிர ஆரம்பித்தால் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் கலவை கடும் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. பட்டனிலும், அதாவது டயர் சாலையைத் தொடும் மேற்பரப்பின் வெட்டு வடிவத்திலும், வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு பட்டன் கட்டையிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக இருக்கும். அவை பனியைக் கவ்வும், ஐஸ் மேல் இருக்கும் நீர்ப்படலத்தை உடைக்கும்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு 7 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போகப் போக, பனியே இல்லாத வெறும் தார்ச்சாலையிலும் சம்மர் டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும். "இன்னும் ஸ்னோ விழலையே" என்று நவம்பர் கடைசிவரை காத்திருப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

என் காரோட வந்த டயரே ஒண்ணு 500 டாலர். அதைவிட நல்ல டயர் என்ன இருக்கப் போகுது?

அந்த 500 டாலர், சூடான சாலையில் வளைவில் பிடிப்பதற்காகக் கொடுத்த விலை. வேகக் கார்களோடு வரும் டயர்கள் பெரும்பாலும் அசல் சம்மர் டயர்கள். உறைநிலைக்குக் கீழே அவை கல் மாதிரி ஆகிவிடும். காலையில் காரை எடுக்கும்போது டயர் சதுரமாக இருப்பது போலத் தடதடக்கும். என் முதல் நவம்பரில், 401 நெடுஞ்சாலையின் ஏறுபாதையில், துளி பனி கிடையாது, மைனஸ் 3 டிகிரிதான். லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கு வண்டியின் பின்பக்கம் பக்கத்துத் தடத்தை எட்டிப் பார்த்தது. அன்று பக்கத்தில் வேறு வண்டி இல்லாதது என் அதிர்ஷ்டம்.

வழுக்குவதோடு முடியாது. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இந்த வகை டயர்களை ஓட்டவோ, காரை உருட்டவோ கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். இறுகிய ரப்பர் வளையும்போது பட்டன் கட்டைகளில் விரிசல் விழலாம், அதற்கு வாரண்டியும் கிடைக்காது. கழற்றிய சம்மர் டயரைப் பால்கனியிலோ வெளிக் கொட்டகையிலோ போடாமல் பேஸ்மென்டில் வையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

ஆல் சீசன்னா எல்லா சீசனுக்கும்தானே?

பெயர் மட்டும்தான் அப்படி. டயரின் பக்கவாட்டில் இரண்டு அடையாளங்களைத் தேடுங்கள். ஒன்று எம்+எஸ், அதாவது சேறும் பனியும். இது பட்டன் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளர் போட்டுக்கொள்வது, பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொன்று மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம். 1999-ல் வந்தது. அழுத்திய பனியில், குறிப்பிட்ட ஒரு மாதிரி டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டினால்தான் இதைப் போட முடியும்.

இந்தச் சோதனை பனியில் இழுவையைத்தான் அளக்கிறது. ஐஸில் பிரேக் போட்டால் எங்கே நிற்கும் என்பதை அந்த மலைச் சின்னம் சொல்லாது. சின்னம் உள்ள டயர்கள் எல்லாம் ஒரே தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல் வெதர் என்று விற்கும் மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 போன்ற டயர்களுக்கும் இந்தச் சின்னம் உண்டு. சாதாரண குடும்பக் காருக்கு, நகரத்துக்குள் ஓட்ட, அது நல்ல தேர்வு. வேகக் காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கோடையில் உங்கள் காரின் ருசி போய்விடும், ஜனவரி ஐஸிலும் அசல் விண்டர் டயர் அளவுக்குக் கைகொடுக்காது.

சட்டப்படி கட்டாயமா?

நீங்கள் இருக்கும் மாகாணத்தைப் பொறுத்தது. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். மீறினால் அபராதம் 200 முதல் 300 டாலர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் வேண்டும். அங்கே எம்+எஸ் அடையாளமும் செல்லும், ஆனால் பட்டன் ஆழம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஜெர்மனி இன்னும் கண்டிப்பு. 2024 அக்டோபர் முதல் அங்கே குளிர்காலச் சாலைக்கு வெறும் எம்+எஸ் போதாது, மலைச் சின்னம் இருந்தே ஆக வேண்டும்.

டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் எல்லாக் கார் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. நிறையப் பேர் டயர் வாங்கிவிட்டுச் சொல்லாமலே இருக்கிறார்கள். போன் போட்டுச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அண்ணை, என்ர கார் ஆல் வீல் டிரைவ். பிறகேன் விண்டர் டயர்?

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிகம் வாதாடியிருக்கிறேன். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போவதால் உங்கள் கார் சிக்னலிலிருந்து நன்றாகக் கிளம்பும். அந்த உதவி கிளம்புவதோடு சரி. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிற்பதில் உங்களுக்குச் சாதகம் எதுவும் கிடையாது. வளைவிலும் அப்படித்தான், டயரும் சாலையும் தொடும் அந்த நாலு உள்ளங்கை அளவு இடம் தாங்கும்வரைதான் கார் திரும்பும்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. சுலபமாகக் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்றே ஓட்டுபவருக்குத் தெரியாது. முன்சக்கர ஓட்டக் கார்க்காரருக்குச் சிக்னலிலேயே சக்கரம் சுழன்று எச்சரிக்கை கிடைத்துவிடும். உங்களுக்கு அந்த எச்சரிக்கை 80 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் ஒரு வண்டி நிற்கும்போது கிடைக்கும். பனிப்புயல் நாளில் 400 நெடுஞ்சாலையில் வடக்கே பாரி நகரம் வரை போய்ப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கிக் கிடப்பவற்றில் பெரிய ஆல் வீல் டிரைவ் வண்டிகளும் இருக்கும்.

ரியர் வீல் டிரைவ், 400 குதிரைத்திறன். பனியில ஓட்டவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

முடியும். நல்ல விண்டர் டயர் போட்ட பின்சக்கரக் கார், ஆல் சீசன் டயரோடு வரும் ஆல் வீல் டிரைவைவிட நம்பிக்கையாக நிற்கும், திரும்பும். கிளம்புவதில் மட்டும் அது தோற்கும். செங்குத்தான டிரைவ்வே உள்ள வீடு என்றால் யோசியுங்கள். பனியைத் தள்ளாத தெருவில் குடியிருந்தாலும் யோசியுங்கள். மற்றபடி வலது காலைப் பட்டுப் போல வைத்துக்கொண்டு, காரில் பனி மோட் இருந்தால் அதைப் போட்டு, மேனுவல் என்றால் இரண்டாம் கியரில் கிளம்புங்கள்.

டிக்கியில் மணல் மூட்டை வைக்கலாமா என்பார்கள். பின்னால் எடையே இல்லாத பிக்கப் டிரக்குக்கு அது சரி. எடை முன்பின் சமமாகப் பிரிந்திருக்கும் காருக்கு அவசியமில்லை. வைத்தே தீருவேன் என்றால் நன்றாகக் கட்டி வையுங்கள், மோதலில் அது குண்டு மாதிரி முன்னால் பாயும்.

செலவைக் குறைக்க ரெண்டு டயர் மட்டும் மாத்தினா போதாதா?

வேண்டாம். முன்சக்கரக் காரில் முன்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. பிரேக் போட்டுத் திருப்பியதும் கார் பம்பரமாகச் சுற்றும். பின்சக்கரக் காரில் பின்னால் மட்டும் போட்டால் நன்றாகக் கிளம்பும், ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நேராகவே போகும். பிரேக் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன்சக்கரங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நாலும் ஒரே தயாரிப்பு, ஒரே மாடலாக இருக்கட்டும்.

பெர்ஃபார்மன்ஸ் விண்டர், ஸ்டட்லெஸ்னு ரெண்டு வகை சொல்றாங்க. எதை வாங்கறது?

வேகக் கார் வைத்திருப்பவர் நிதானமாக யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஸ்டட்லெஸ், அதாவது ஆணி அடிக்காத வகை, ஐஸுக்கும் ஆழ்பனிக்கும் பிறந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக் டபிள்யூஎஸ் வரிசை, மிஷெலின் எக்ஸ்-ஐஸ், ஆணி இல்லாத நோக்கியன் ஹக்காபெலிட்டா எல்லாம் இதில் சேரும். ரப்பர் மிகவும் மென்மை. பிளிஸாக்கின் ரப்பரில் நுண்ணிய குமிழ்கள் இருக்கும், அவை ஐஸ் மேலிருக்கும் நீரை உறிஞ்சும். டோயோவின் ஒரு வகையில் ஐஸைச் சுரண்ட வால்நட் ஓட்டின் துகளையே கலக்கிறார்கள். ஐஸில் இவற்றுக்கு நிகர் கிடையாது. ஆனால் 5 டிகிரியில் காய்ந்த சாலையில், ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். மென்மையான கட்டைகள் நெளிவதுதான் காரணம்.

பெர்ஃபார்மன்ஸ் விண்டர் வகை ஐரோப்பிய நெடுஞ்சாலைகளுக்காக வளர்ந்தது. மிஷெலின் பைலட் ஆல்பின், பைரெல்லி சோட்டோஸீரோ போன்றவை. ரப்பர் கொஞ்சம் உறுதி. டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் வேகத் தரம் பெரும்பாலும் எச் அல்லது வி, அதாவது மணிக்கு 210 அல்லது 240 கிலோமீட்டர். ஸ்டட்லெஸ்ஸில் பெரும்பாலும் ஆர், டி, எச்தான் கிடைக்கும், 170 முதல் 210 வரை. குளிர்ந்த, காய்ந்த அல்லது ஈரச் சாலையில் பெர்ஃபார்மன்ஸ் வகையில் உங்கள் கார் உங்கள் காராகவே இருக்கும். பனியிலும் நன்றாக ஓடும். பளபளக்கும் ஐஸில் ஸ்டட்லெஸ்ஸுக்குப் பின்னால்தான் நிற்கும்.

என் முடிவு இது. டொரண்டோ நகரம், தினமும் உப்பு போட்டுச் சுத்தம் செய்யும் பெரிய சாலைகள் என்றால் பெர்ஃபார்மன்ஸ் விண்டர். பாரி, சட்பரி, ஒட்டாவா, மான்ட்ரியால், அல்லது சிறு தெருக்களிலேயே பாதி வேலை என்றால் ஸ்டட்லெஸ். ஒண்டாரியோவில் 110-க்கு மேல் ஓட்டச் சட்டம் விடாது, அதனால் குளிர்காலத்தில் வேகத் தரத்தைப் பெருமையாகப் பார்க்க வேண்டாம். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீட்டை மட்டும் காரோடு வந்த டயருக்குக் குறையாமல் பாருங்கள். மின்சாரக் கார்கள் எடை அதிகம், அவற்றுக்கு இது ரொம்ப முக்கியம்.

அகலமான டயர்தானே நல்லாப் பிடிக்கும்? சைஸைக் குறைக்கச் சொல்றீங்களே?

காய்ந்த சாலையில் அகலம் நல்லது. பனியில் அகல டயர் பனியின் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். குறுகலான டயர் அதே எடையைச் சின்ன இடத்தில் அழுத்துவதால் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். உருகிய பனிச்சேற்றிலும் அப்படியே. இன்னொரு காரணம் பள்ளங்கள். பிப்ரவரியில் நீர் உறைந்து உருகி உறைந்து கார்டினர் விரைவுச்சாலையில் விழும் பள்ளங்களை பக்கவாட்டு உயரம் அகலத்தில் 35 சதவீதமே உள்ள டயரோடு தாண்டினால் ரிம் வளைவது நிச்சயம்.

அதனால் ரிம் ஓர் அங்குலம் சின்னது, டயரின் பக்கவாட்டு கொஞ்சம் உயரம், மொத்த விட்டம் ஏறத்தாழ அதே. கணக்கு சுலபம். ஜிடிஐயில் வரும் 225/40 ஆர் 18-ஐ எடுங்கள். 225 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில், 40 என்பது பக்கவாட்டு உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், 18 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 225-ல் 40 சதவீதம் 90 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 180. ரிம் 18 அங்குலம், 457 மில்லிமீட்டர். மொத்தம் 637. இப்போது 225/45 ஆர் 17: பக்கவாட்டு இரண்டும் சேர்த்து 202, ரிம் 432, மொத்தம் 634. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் கண்டுகொள்ளாது.

எவ்வளவு இறங்கலாம் என்பதைப் பிரேக் தீர்மானிக்கும். பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் பெரிதாக உள்ள கார்களில் ரிம் உள்ளே இடிக்கும். காரின் கையேட்டில் குளிர்காலத்துக்கு அனுமதித்த சைஸ் என்று தனியாகப் போட்டிருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

என் கார்ல முன்னாடி 255, பின்னாடி 275. நாலும் ஒரே சைஸ் போடலாமா?

பின்சக்கர ஓட்டம் மட்டும் என்றால் பெரும்பாலும் போடலாம், கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். நாலும் ஒன்றாக இருந்தால் முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய வைக்கலாம், பின்பக்க அகலமும் குறையும்.

ஆல் வீல் டிரைவ் என்றால் கவனம். முன்னும் பின்னும் சக்கரம் சுற்றும் அளவு தொழிற்சாலை வைத்த விகிதத்திலிருந்து விலகினால் நடுவில் இருக்கும் கிளட்ச் அமைப்பு ஓயாமல் உழைத்துச் சூடாகும், அதைச் சரிசெய்யும் செலவு டயர் செலவைப் போலப் பல மடங்கு. சுபாரு நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பாதி தேய்ந்த இரண்டோடு புதிய இரண்டைச் சேர்ப்பதும் இதே பிரச்சினையைத் தரும்.

தனி ரிம் வாங்கணுமா? இருக்கிற ரிம்லயே மாத்தி மாத்திப் போட்டா?

தனி ரிம் வாங்குங்கள். ஒவ்வொரு வருடமும் இரண்டு முறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி ஏற்றும் கூலி மூன்று நாலு வருடத்தில் ரிம் விலையை எட்டிவிடும். ஒவ்வொரு கழற்றலிலும் டயரின் ஓரமும் ரிம்மின் ஓரமும் அடிபடும். உங்கள் அழகான கோடை ரிம்மை உப்பிலிருந்து காப்பாற்றவும் இது ஒன்றே வழி. குளிர்கால ரிம் முழுக்க வண்ணம் பூசியதாக இருக்கட்டும். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய ரிம்மில் உப்பு பூச்சுக்கு அடியில் புகுந்து வெள்ளைப் புழு மாதிரி ஓடும்.

போல்ட் துளைகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது. நடுத்துளையின் அளவு, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு), லக் நட் உட்காரும் வடிவம் மூன்றையும் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகனின் அசல் ரிம்முக்கு, உட்காரும் பகுதி உருண்டையான போல்ட், வெளியில் வாங்கும் ரிம்மில் நிறையவற்றுக்குக் கூம்பு வடிவ போல்ட். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், ஆனால் தளர்ந்துவிடும். மாட்டிய பின் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.

ஒருத்தர் பழைய விண்டர் டயர் செட் பாதி விலைக்குத் தர்றார். வாங்கலாமா?

இரண்டு விஷயம் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துக்களின் கடைசி நாலு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும். 4223 என்றால் 2023-ன் 42-வது வாரம். ஆறு வருடத்தைத் தாண்டியது எனக்கு வேண்டாம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

அடுத்து ஆழம். புதிய டயரில் 8 மில்லிமீட்டர் போல இருக்கும். 4 மில்லிமீட்டரை நெருங்கியதைப் பனியில் ஓட்டக் கூடாது என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. சட்டப்படி செல்லும் ஆழம் இதைவிடக் குறைவு, அதை வைத்து விற்பவர் பேசினால் கேட்காதீர்கள். ஐந்து மில்லிமீட்டர் மிச்சமுள்ள செட் என்றால் ஒரே ஒரு குளிர்காலத்துக்கான விலைதான் கொடுக்க வேண்டும்.

ஆணி அடிச்ச டயர் போட்டா இன்னும் பாதுகாப்புதானே?

வெறும் ஐஸில் ஆம். ஒண்டாரியோவில் வடபகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி, அதனால் டொரண்டோக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. காய்ந்த சாலையில் ஆணி டயர் சத்தமும் போடும், பிடிப்பும் குறையும், சாலையையும் சுரண்டும். ஜப்பானில் அப்படி எழுந்த தூசி தாங்காமல்தான் 1990-ல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஸ்டட்லெஸ் டயர்கள் அங்கே இவ்வளவு முன்னேறியதற்கு அது ஒரு காரணம்.

குளிர் வந்ததும் டயர் காத்து விளக்கு எரியுது. பஞ்சரா?

பெரும்பாலும் இல்லை. ஏறத்தாழ 5.6 டிகிரி குளிர்ந்தால் டயரின் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 20 டிகிரி கராஜுக்குள் 35 வைத்துவிட்டு மைனஸ் 15-ல் நிறுத்தினால் 29-தான் இருக்கும். காரை வெளியே நிறுத்தி, ஓட்டுவதற்கு முன், கதவோரச் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பனியில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மணலுக்குச் சொன்ன யோசனை அது. புது ரிம்மில் சென்சார் போடவில்லை என்றால் விளக்கு குளிர்காலம் முழுக்க எரியும். சில நூறு டாலர் மிச்சம்தான், ஆனால் நிஜப் பஞ்சர் வரும்போது தெரியாது. நான் சென்சார் போட்டுவிட்டேன்.

டயர் மாத்தியாச்சு. வேற என்ன செய்யணும்?

முதலில் பேட்டரி. அதன் மேல் போட்டிருக்கும் குளிர் கிராங்கிங் ஆம்பியர், மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற அளவு. நாலு வருடத்தைத் தாண்டிய பேட்டரியைக் கடையில் சோதித்துவிடுங்கள், பனிப்புயல் காலையில் அல்ல, அக்டோபரிலேயே. கூலன்ட் பாதிக்குப் பாதி கலவை என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் அளந்து பாருங்கள். வாஷர் திரவம் மைனஸ் 40 என்று எழுதியதையே வாங்குங்கள்.

எஞ்சின் ஆயிலில் டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 0டபிள்யூ மைனஸ் 35-லும், 5டபிள்யூ மைனஸ் 30-லும், 10டபிள்யூ மைனஸ் 25-லும் எஞ்சின் சுழலும்படி சோதிக்கப்பட்டவை. பழைய பிஎம்டபிள்யூ எம் கார்களில் சிலவற்றுக்கு 10டபிள்யூ-60 ஆயில். தயாரிப்பாளர் சொன்னதை மாற்ற வேண்டாம், ஆயில் சூடாகும்வரை மிதிக்காமல் ஓட்டினால் போதும்.

எல்இடி முகப்பு விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய விளக்கின் சூட்டில் பனி உருகிவிடும், எல்இடி முன்பக்கம் சூடாகாது. நீண்ட பயணத்தில் நடுவில் இறங்கித் துடையுங்கள்.

காரைத் தாழ்த்தி வெச்சிருக்கேன். முன்னாடி ஸ்ப்ளிட்டரும் இருக்கு. பரவாயில்லையா?

10 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கார், 15 சென்டிமீட்டர் பனியில் பனி தள்ளும் வண்டியாகிவிடும். பனி அடியில் திரண்டு காரையே தூக்கும், சக்கரம் தரையைத் தொடாது. அப்புறம் எந்த டயரும் உதவாது. டிரைவ்வே வாசலில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போகும் பனிமேடு உறைந்துவிட்டால் கல்தான், முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ளிட்டர் தகட்டைப் பிய்த்துவிடும். கழற்றக்கூடிய ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிடுங்கள். உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் என்றால் நவம்பரில் உயர்த்தி, திருகு மரைகளுக்குத் துரு தடுக்கும் பசை பூசி, அலைன்மென்ட் பாருங்கள். பசை பூசாவிட்டால் வசந்தத்தில் கழற்றவே வராது. எஞ்சினுக்குக் காற்று உறிஞ்சும் குழாயைத் தாழ்வாக இறக்கி வைத்திருப்பவர்கள் பழைய குழாயையே மாட்டுவது நல்லது.

சாலையில போடற உப்பு காரைத் தின்னுடும்னு பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான். இலையுதிர் காலத்தில், கார் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்போது அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு ஆயில் தெளித்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் படாமல் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள். குளிர்காலத்தில் உறைநிலைக்கு மேல் ஏறும் நாட்களில் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். கழுவியதும் சில முறை பிரேக் போட்டுக் காய வையுங்கள், ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பலருக்குத் தெரியாத ஒன்று: உப்புச்சேறோடு காரைச் சூடான கராஜில் நிறுத்தினால் வெளியில் நிறுத்துவதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். வெளியே குளிரில் அந்த வேதிவினை மெதுவாகவே நடக்கும்.

நேத்து ஸ்னோவுக்கு அப்புறம் 90-ல ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது. அலைன்மென்ட் போச்சா?

கடைக்குப் போகும்முன் ரிம்முக்கு உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். பனி உள்ளே ஒரு பக்கமாக ஒட்டி உறைந்திருக்கும், சக்கரத்தின் சமநிலை கெட்டுவிடும். ஒரு குச்சியும் வெந்நீரும் போதும். இதற்கு 120 டாலர் கொடுத்துவிட்டு வந்தவர் எனக்குத் தெரியும்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைச்சுட்டு ஓட்டினாத்தான் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?

சாலையில் அணைக்க வேண்டாம். கார் சறுக்கும்போது தானாகப் பிரேக் போட்டும் எஞ்சின் சக்தியைக் குறைத்தும் அதை நேராக வைப்பது அதுதான். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாரான கார்களில் அது கட்டாயம், காரணமில்லாமல் வைக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் அணைக்கலாம். ஆழ்பனியில் சிக்கி, காரை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுக்கும்போது அது எஞ்சின் சக்தியை வெட்டிவிடும். அப்போது அணைத்து, வெளியே வந்ததும் திரும்பப் போடுங்கள்.

பின்சக்கரக் காரில் இன்னொன்று. வழுக்கும் இடத்தில் கியரைச் சட்டென்று இறக்கினால் எஞ்சின் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் இழுக்கும், ஹேண்ட்பிரேக் போட்ட மாதிரிப் பின்பக்கம் வெட்டும். பின்சக்கர மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வரும் பிரேக்கும் அதே வேலையைச் செய்யும். குறைக்க வசதியிருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் காலை மெல்ல எடுத்துப் பழகுங்கள். ஐஸ் மிக அதிகம் வழுக்குவது மைனஸ் 20-ல் இல்லை, உறைநிலையை ஒட்டித்தான், மேலே நீர்ப்படலம் இருக்கும்போது. "இன்னிக்குக் குளிர் குறைவுதானே" என்ற நாளில்தான் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

எப்ப மாட்டணும், எப்பக் கழட்டணும்?

முதல் பதிலில் சொன்ன 7 டிகிரிதான். காலை வெப்பநிலை தொடர்ந்து அதற்குக் கீழே போனதும் மாட்டுங்கள். டொரண்டோவில் அது அனேகமாக நவம்பர் முற்பாதி. கடைகளில் முதல் பனி விழுந்த மறுநாள் மூன்று வாரத்துக்கு இடம் கிடைக்காது, அதனால் அக்டோபர் கடைசியிலேயே நேரம் வாங்கி வையுங்கள். கழற்றுவது ஏப்ரல் நடுவில். சூடான சாலையில் அந்த மென்மையான ரப்பர் அழிரப்பர் போலத் தேயும், பிரேக் தூரமும் நீளும். இன்னும் ஒரு வருடம் ஓட்டித் தேய்த்துவிடலாம் என்று கோடையிலும் விடாதீர்கள்.

இவ்வளவும் செய்யறதுக்குக் காரைக் கராஜ்லயே நிறுத்தி வெச்சுட்டா?

இன்னொரு வண்டி இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம், நானே சிலருக்குச் சொல்வேன். கழுவிக் காய வைத்து, எண்ணெய் மாற்றி, டாங்க் நிறையப் பெட்ரோலும் அதைக் கெடாமல் வைக்கும் திரவமும் ஊற்றி, பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யும் கருவியில் இணைத்து, டயரில் சற்று அதிகக் காற்று வைத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். எலி புகாமல் சைலன்சர் வாயை இரும்புக் கம்பளியால் அடையுங்கள். அடைத்ததை ஸ்டியரிங்கில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது மட்டும் வேண்டாம், எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் உள்ளே ஈரம் சேரும். இன்சூரன்ஸில் ஓட்டும் பகுதியை நிறுத்திவிட்டுத் திருட்டு, தீ போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஒண்டாரியோவில் வழி உண்டு. முகவரிடம் கேளுங்கள். ஆனால் அதை நிறுத்திய பிறகு, ஜனவரியில் ஒரு வெயில் நாள் வந்தது என்று காரை எடுத்துத் தெரு முனைவரைகூடப் போகக் கூடாது.